மின்சாரம் எப்போது வரும்?

வணக்கம் ஐயா. என் மகள் இங்கே இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு, இங்கிலாந்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் வாங்கியிருக்கிறாள். அணுக்கரு இணைவு உலைகளின் காந்தங்களுக்கான மீக்கடத்திக் கம்பிகளைச் சோதிக்கும் வேலையாம். “அதில் மின்சாரம் எப்போது வரும்?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவளிடம் பதில் இல்லை. கம்பியைச் சோதிப்பதற்கா இத்தனை படிப்பு என்று எனக்கும் தோன்றுகிறது.
(பெயர் வேண்டாம் என்கிறார். செந்தூல், கோலாலம்பூர்)

அன்புள்ள அம்மா,

சொந்தக்காரர்களுக்கான பதில்: சீக்கிரம் வராது. லேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுப்பதுதான் அணுக்கரு இணைவு. அதற்காகப் பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் (ITER) என்ற சோதனை உலை மின்சாரம் எடுப்பதற்கானதே அல்ல. 2024இல் திருத்திய திட்டப்படி அதில் ஆய்வுகளே 2034இல்தான் தொடங்கும். தீபாவளிக்கு வரும் சித்தப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

உங்கள் கேள்வி வேறு. ஈட்டரின் பெரிய காந்தங்கள் பலவற்றில் இருப்பது நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்மம். கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் கடத்தும்; அதனால்தான் மீக்கடத்தி என்கிறார்கள். ஆனால் பீங்கான் போல நொறுங்கும். அதனால் முதலில் கம்பியைச் சுருளாகச் சுற்றிவிடுகிறார்கள். பிறகு 650 டிகிரி சூட்டில் நாள்கணக்கில் வேகவைக்கிறார்கள். அந்தச் சேர்மம் அப்போதுதான் கம்பிக்குள் உருவாகிறது. வெந்த பிறகு வளைத்தால் போயிற்று.

ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்தக் கம்பியை உருளையில் சுற்றி, மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்துக்குள் இறக்குவார்கள். வலுவான காந்தப்புலத்தில் வைத்து மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். மின்னழுத்தம் நெடுநேரம் அசையாது. பிறகு சட்டென்று தலைதூக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 மைக்ரோவோல்ட் என்ற அளவைத் தொட்டதும், இதுதான் இந்தக் கம்பியின் எல்லை என்று குறித்துக்கொள்வார்கள்.

ஈட்டரின் நடுச்சுருளுக்கான கேபிள் மாதிரிகளைச் சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் ஆயிரக்கணக்கான முறை சுமையேற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஏற்ற ஏற்றத் திறன் தேய்ந்துகொண்டே போனது. கேபிளில் உள்ள கம்பி இழைகளை இன்னும் நெருக்கமாக முறுக்கித் திரித்த பிறகுதான் தேய்வு அடங்கியது. ஆயிரம் டன் காந்தத்தை உலைக்குள் நிறுத்திய பிறகு இது தெரியவந்திருந்தால் யார் கழற்றுவது?

என் அப்பா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில், புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் பார்ப்பவர். ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். குமிழியோ பட்டைத் துணுக்கோ தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார். “வெறுமனே பார்ப்பதற்கு ஒரு சம்பளமா?” என்று பால்மரம் வெட்டும் மாமா கேலி செய்வார். பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் ‘கிராணி’ (எழுத்தர்) என்று பொய் எழுதியிருக்கிறேன். ஆகவே உங்கள் மனத்தில் தோன்றியதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

பிழைப்பைப் பற்றிய கவலையும் இருக்கும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் இருப்பதும் பெரும்பாலும் மீக்கடத்திச் சுருள்தான். அவள் கற்கும் கைவேலை இணைவு உலையோடு நின்றுவிடாது. இப்போது வந்திருக்கும், அவ்வளவு கடுங்குளிர் தேவைப்படாத ‘உயர்வெப்ப’ மீக்கடத்தி நாடாக்களிலும் பயிற்சி கிடைக்குமா என்று மட்டும் கிளம்பும் முன் அவள் கேட்டுக்கொள்ளட்டும்.

அவளுடைய முதல் கம்பி எத்தனை ஆம்பியரில் எல்லையைத் தொட்டது என்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.