பத்து பெல்லட்டுக்கு அப்புறம் கவனம் ஏன் கலைகிறது?

நீங்கள் கேட்டது: 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத் துப்பாக்கி) முதல் பத்து பெல்லட் (சின்னக் குண்டு) நன்றாகப் போகிறது, அப்புறம் மனசு எங்கேயோ ஓடிவிடுகிறது, அந்த 'ஜோன்', அதாவது மனசு முழுக்க ஒன்றிப்போகும் நிலை, எப்படி வரும்?

வரவழைக்கப் பார்த்தால் வராது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 பெல்லட். அத்தனை நேரமும் யாராலும் கவனத்தைப் பிடித்து வைக்க முடியாது. கை தூக்குவதிலிருந்து சுட்ட பிறகு ஒரு நொடி அசையாமல் நிற்பது வரை கவனம் இருந்தால் போதும், நடுவில் வியர்வையைத் துடையுங்கள், ராத்திரி என்ன டிபன் என்றுகூட யோசியுங்கள்.

கண் துப்பாக்கிக் குழலின் நுனியில் இருக்கும் முன்குறியில் நிற்கட்டும். அதன் விளிம்பு பளிச்சென்று தெரிய வேண்டும், இலக்கு மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர் என்பதால் அதையே முறைக்கத் தோன்றும், அப்போதுதான் விரல் டிரிகரை வெடுக்கென்று இழுத்துவிடும். பத்து நொடியில் சுட முடியவில்லையா, கையை இறக்கிவிடுங்கள் (எனக்கு இது பழகவே ஒரு வருஷம் ஆனது).

அப்புறம், துப்பாக்கிக்குள் பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து தினமும் டிரிகர் பழகுங்கள். வேளச்சேரியில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கும் தண்ணி லாரி ஹாரனுக்கும் நடுவில் பழகியவன் நான். ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) பக்கத்து லேன் சத்தம் இப்போது காதில் விழுவதே இல்லை.