மறுபடி ஃபார்மேட் செய்யக் கொடுக்காதீர்கள்

கேள்வி: கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பை 52,000 ரூபாய்க்கு வாங்கி 11 மாதம் ஆகிறது. வாரண்டி ஒரு வருடம். இரண்டாவது மாதத்திலிருந்தே அடிக்கடி நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. நான்கு முறை கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு முறையும் "வைரஸ் சார்" என்று ஃபார்மேட் செய்து தந்தார்கள். இப்போது "மதர்போர்டு கம்பெனியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. என் மனைவி இதில்தான் வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி செய்கிறார். வழக்குப் போட முடியுமா?
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் உங்கள் சாட்சியை நான்கு முறை நீங்களே கடைக்காரர் கையில் கொடுத்து அழிக்க விட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது முறை அது வேண்டாம்.

விண்டோஸ் ஒவ்வொரு கிராஷையும் குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' (reliability) என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். கிராஷ் ஆன நாளுக்குக் கீழே சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருக்கும். ஃபார்மேட் செய்தால் அந்தப் பதிவெல்லாம் போய்விடும். அதனால் கடைசி ஃபார்மேட்டுக்குப் பிறகு உள்ளதை இன்றே படம் எடுத்து வையுங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், கம்ப்யூட்டர் முறையாக அணையாமல் நின்றதைக் காட்டும் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவும் இருக்கலாம். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கரண்ட் போய் அணைந்தாலும் அதே 41தான் வரும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். யூபிஎஸ் வைத்திருந்தால் அதன் பில்லையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், ரேம் (மெமரி) சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை, கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் பென்டிரைவிலிருந்து ஓட்டச் சொல்லுங்கள். அது விண்டோஸ் இல்லாமலே ஓடும். அதில் பிழை காட்டினால் வைரஸ் கதை அங்கேயே முடிந்தது. பிழை காட்டாவிட்டால் கோளாறே இல்லை என்று ஆகிவிடாது. எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் தரும் பாகம்), மதர்போர்டு என்று தேடலாம். கேபினெட்டை நீங்கள் திறக்காதீர்கள். வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் பழி உங்கள் மேல் வரும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(24)இன்படி, பிறர் தயாரித்த பாகங்களைச் சேர்த்து அசெம்பிள் செய்பவரும் 'உற்பத்தியாளர்'தான். "கம்பெனியிடம் போங்கள்" என்று அவர் கைகழுவ முடியாது. பில்லில் உள்ள வாசகத்துக்கும் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதைப் பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சொல்கிறது. திருப்பித் தருவதற்குப் பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் அங்கே சொல்லப்படுவது 30 நாள். முதல் முறை எப்போது புகார் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இந்த வாதத்தின் பலம் மாறும்.

டேட்டா என்ட்ரி செய்வதால் 'வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல' என்று ஓர் ஆட்சேபம் கட்டாயம் வரும். சுயதொழில் மூலம் பிழைப்புக்காகப் பயன்படுத்துவதைச் சட்டம் விலக்கவில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. வீட்டில் ஆள் வைத்து வேலை வாங்கவில்லை என்பதை மனுவில் சொல்லிவிடுங்கள்.

நான்கு முறையும் ஜாப் ஷீட் (ரிப்பேருக்கு வாங்கிக்கொண்டதற்கான சீட்டு) தந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் தரமாட்டார்கள். "சார் ரெடி, வந்து எடுத்துக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்திருந்தால் போதும், தேதியோடு அது பேசும். போனை மாற்றும்போது அந்தச் சாட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

முதலில் 15 நாள் கெடு வைத்துக் கடைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் ஊர் என்பதால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம்.

முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். 11 மாதம் பயன்படுத்திய பெட்டி இது. "கோளாறான பாகத்தை மாற்றித் தர வேண்டும், இல்லையேல் பணம், அதோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும்" என்று மாற்றுக் கோரிக்கையாகக் கேளுங்கள். உங்கள் வாரண்டிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. நோட்டீஸ் அதற்குள் ஸ்பீட் போஸ்ட்டில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரசீதைப் பில்லோடு பின் பண்ணி வையுங்கள்.