கோழியைக் கொல்வது பூனைதானா?

கேள்வி: ஐயா, காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கிறேன். வேன் வண்டியில் வந்த வியாபாரியிடம் 30 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினேன். மூன்று வாரத்தில் 11 தான் மிச்சம். பட்டப்பகலில் பூனை தூக்குகிறது. போன வாரம் ராத்திரி கோழிவலைக் கூட்டுக்குள் நாலு பெட்டைகள் கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடந்தன. கருவாட்டில் விஷம் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள் தம்பி. அந்தக் கருவாட்டை உங்கள் கோழியே கொத்தும். பூனையைக் கொல்வது குற்றமும்கூட.

நாலு பெட்டையைக் கடித்தது பூனையாக இருக்காது. ராத்திரி புகுந்து, தின்றது பாதி தின்னாதது பாதி என்று வரிசையாகக் கழுத்தைக் கடித்துப் போடுவது மரநாயின் வழக்கம். கீரியும் அப்படிச் செய்யும், ஆனால் அது பகலில் திரிவது. உங்கள் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் ஓட்டுக்கூரை மரநாய்க்கு வாடகை இல்லாத குடித்தனம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மரநாய், கீரி இரண்டையும் காக்கிறது. கண்ணி வைத்தால் வழக்கு உங்கள் மேல்.

கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) போடுங்கள், மேலேயும் சேர்த்து. அடியில் ஒன்றரை அடி வெளிப்பக்கம் படியவிட்டு, மேலே செம்புறாங்கல்லை அடுக்குங்கள். கதவுக்குக் கயிறு வேண்டாம், தாழ்ப்பாள் போடுங்கள். பொழுது சாய்ந்ததும் அடைத்துவிட வேண்டும்.

குஞ்சு விஷயத்தில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: அதுகளுக்குத் தாய் எங்கே? சிறுவிடை என்ற நாட்டு இனப் பெட்டை இறக்கையை விரித்துக்கொண்டு பூனை மூஞ்சியிலேயே பாயும். வல்லூறு வட்டமிட்டால் அது கொடுக்கும் ஒரு குரலுக்குக் குஞ்சுகள் செடிக்கடியில் பதுங்கும். வேனில் வரும் இன்குபேட்டர் குஞ்சுக்கு அந்தக் குரல் கொடுக்க யாரும் இல்லை. பூனை, காக்கா, பெருச்சாளி எல்லாவற்றுக்கும் அது சுலபமான இரை. வேன்காரர்கள் நாட்டுக்கோழி என்று விற்பதில் பாதி கலப்பு என்பது என் அபிப்பிராயம். வளர்ந்தாலும் அடைகாக்குமா என்பது சந்தேகம். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு 7-ஆம் நாள் எஃப்1 என்ற தடுப்பு மருந்தைக் கண்சொட்டாகப் போட்டாரா என்று வியாபாரியைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். நோயில் மந்தமான குஞ்சுதான் பூனையிடம் முதலில் சிக்கும்.

அந்தக் காசுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அடைகாத்துப் பழகிய இரண்டு சிறுவிடைப் பெட்டை வாங்கியிருக்கலாம். ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் போதும், 21 நாளில் பொரிக்கும். வாங்கிய குஞ்சைத்தான் சேர்ப்பேன் என்றால், ஓரிரு நாள் குஞ்சாகப் பார்த்து, பெட்டை பொரித்த அன்று ராத்திரி இருட்டில் அதன் அடியில் விடுங்கள். உங்களிடம் இருக்கும் 11-க்கு அந்த வயது தாண்டிவிட்டது. ஒன்றரை மாதம் ஆகும்வரை பகலில் பஞ்சாரக் கூடைக்குள் போட்டு மேலே கல் வையுங்கள், ராத்திரி மெஷ் கூட்டுக்குள் மாற்றுங்கள். சொட்டு மருந்து போட்டதா என்று தெரியாததால், இந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள்.