200 லிட்டர் டிரம்மில் வீட்டிலேயே ஸ்மோக்கர், அதாவது கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பு, செய்ய முடியுமா? குன்னூர் குளிரில் அது சரிவருமா?

முடியும். கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு வருடமாக ஒன்று நிற்கிறது. மாதத்துக்கு இரண்டு முறையாவது அதில் கறி வேகிறது. கோத்தகிரியும் குன்னூரும் ஏறக்குறைய ஒரே உயரம், சுமார் 1,800 மீட்டர். அதனால் எனக்கு நடந்தது பெரும்பாலும் உங்களுக்கும் நடக்கும்.

வெல்டிங் தெரியாது என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அதற்காகத் தயங்க வேண்டாம். கரிக்கூடைக்கு மட்டும்தான் வெல்டிங் வேண்டும், அதைப் பட்டறையில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. மற்றதெல்லாம் துளை போடுவதும் போல்ட் முடுக்குவதும்தான். உண்மையான வேலை காற்றில் இருக்கிறது. டிரம்முக்குள் எவ்வளவு காற்று விடுகிறோமோ அவ்வளவுதான் சூடு. வேண்டாத இடத்தில் ஒரு சந்து இருந்தாலும் சூடு நம் கையில் நிற்காது.

ஸ்மோக்கர் வேறு, கிரில் வேறு. கிரில்லில் தணல் கறியை நேராகச் சுடும். இதில் தணல் அடியில் இருக்கும், கறி இரண்டடி மேலே இருக்கும். மூடி போட்டு 110 முதல் 135 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக விடுவோம். பழைய வீடுகளில் உப்புக்கண்டத்தை அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்களே, அங்கே புகை கறியைக் காயவைத்தது. இங்கே புகையும் சூடும் சேர்ந்து வேகவைக்கிறது. அமெரிக்காவில் 55 காலன் டிரம்மில் இதை வீட்டிலேயே செய்து அக்லி டிரம் ஸ்மோக்கர் என்று பெயர் வைத்தார்கள். அந்த 55 காலன் டிரம்மைத்தான் நாம் 200 லிட்டர் பேரல் என்கிறோம். உயரம் சுமார் 34 அங்குலம், விட்டம் இருபத்திரண்டரை அங்குலம். அதனால் அவர்கள் கொடுக்கும் நீள அகலங்கள் நமக்கும் பொருந்தும். சூட்டுக் கணக்கு மட்டும் மலையில் அப்படியே பொருந்தாது, அதைக் கீழே சொல்கிறேன்.

டிரம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, முன்பு அதில் என்ன இருந்தது என்பது. பூச்சிமருந்து, தின்னர், பெட்ரோல், ஆசிட் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தோட்டத்தில் மருந்து கலக்கிய டிரம்மைச் சும்மாவே கொடுப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்றும் சொல்வார்கள். போதாது. அதோடு, எரியக்கூடிய திரவம் இருந்த மூடிய டிரம்மைக் கட்டிங் மெஷினால் அறுத்தால் உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டு வெடிக்கும். அதில் உயிரே போய்விடும்.

நான் மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் ஒரு டிரம்மைத் தட்டிக் காட்டி, "இது கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக் கூழ் வந்த பேரலுங்க. கூழெல்லாம் பைக்குள்ள இருந்துச்சு, தகரத்து மேல படவே இல்லீங்க" என்றார். அதற்கு மேல் நான் தேடவில்லை. கூழ் டிரம்மில் இன்னொரு வசதி, மேல்மூடி முழுசாகத் திறக்கும், அதைச் சுற்றி ஒரு வளையப் பூட்டும் வரும். நீங்களும் இந்த மாதிரி டிரம்மையே கேளுங்கள். மூடியின் விளிம்பில் இருக்கும் ரப்பரை மட்டும் உரித்து எறிந்துவிடுங்கள்.

உள்ளே பூச்சு இருக்கிறதோ இல்லையோ, ஒருமுறை விறகு போட்டு எரித்தே ஆக வேண்டும். அடியில் காற்றுத் துளைகளைப் போட்டுவிட்டு, காய்ந்த விறகைப் பாதி வரை நிரப்பி, மூடி இல்லாமல் இரண்டு மணி நேரம் கொழுந்துவிட்டு எரிய விடுங்கள். வெளிப் பெயிண்ட்டும் அதிலேயே பொரிந்து வந்துவிடும். புகை போகும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெறும் இரும்பு தெரிந்ததும் கழுவிக் காயவைத்து, உள்ளே சமையல் எண்ணெய் தடவுங்கள். வெளியே சைலன்சருக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்ட் போதும். உள்ளே எந்தப் பெயிண்ட்டும் கூடாது.

இப்போது துளைகள். அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, சுற்றிலும் சம இடைவெளியில் நான்கு துளைகள். முக்கால் அங்குலம் போதும் என்று படித்து அப்படித்தான் போட்டேன். பிறகு ஒரு அங்குலமாகப் பெரிதாக்க வேண்டி வந்தது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே துளை வழியாக அதே அளவு காற்று போனாலும் அதில் பிராணவாயு குறைவு. துளை பெரிதாக இருந்தால் மூடி வைக்கலாம், சிறிதாக இருந்தால் எதுவும் செய்ய முடியாது. மூன்று துளைகளில் குழாய்த் துண்டும் மூடியும், நான்காவதில் ஒரு பித்தளை பால் வால்வு (ball valve), அதாவது கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வால்வு. சமைக்கும்போது அந்த வால்வை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால் போதும். மேல்மூடியில் அரை அங்குலத் துளை எட்டு. சமைக்கும்போது அவற்றை நான் அடைப்பதே இல்லை. மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கிக் கறி கசந்துவிடும்.

கரிக்கூடைக்கு எக்ஸ்பாண்டட் மெஷ், அதாவது கண் கண்ணாக இருக்கும் இரும்பு வலைத் தகடு, என்று இரும்புக் கடையில் கேளுங்கள். 14 அங்குல விட்டம், 9 அங்குல உயரம், அடியில் சாம்பல் விழ மூன்று அங்குலக் கால்கள். கறி வைக்கும் கம்பித்தட்டு மேல் விளிம்பிலிருந்து ஏழு அங்குலம் கீழே, நான்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டின் மேல் உட்காரும். இப்படி வைத்தால் கூடையின் அடிக்கும் தட்டுக்கும் சரியாக இரண்டடி வரும். தட்டும் கூடையும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியாக இருக்கக் கூடாது. தணல் சூட்டில் துத்தநாகப் புகை வந்தால் அதைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சல் வரும். தெர்மாமீட்டரைத் தட்டின் மட்டத்திலேயே பொருத்துங்கள். சுவர் ஓரத்தில் காட்டும் சூடு நடுவில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். என் டிரம்மில் வித்தியாசம் 15 டிகிரி.

கரிக்கு, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வரும் சீமைக்கருவேலங்கரி நல்லது. டெக்சாஸ்காரர்கள் கறி சுடக் கொண்டாடும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் நெருங்கிய சொந்தம். கொட்டாங்குச்சிக் கரியும் நன்றாக எரியும், ஆனால் சூடு சட்டென்று ஏறும், பழகிய பிறகு பாருங்கள்.

புகைக்கான மரத்தில்தான் மலையில் பலர் தவறுவது. இங்கே எங்கு திரும்பினாலும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். முதல் தடவை கரி பற்றவைக்க அந்த இலைச் சருகைத்தான் போட்டேன், அடுப்புக்கு எல்லாரும் போடுவதுதானே என்று. இரண்டு கோழியிலும் தைல வாடை இறங்கி, வீட்டில் யாரும் வாயில் வைக்கவில்லை. அந்த வாடை டிரம்மிலிருந்து போக இன்னும் இரண்டு முறை வெறுமனே எரிக்க வேண்டியிருந்தது. சைப்ரஸ், பைன் எல்லாம் பிசின் மரங்கள், அவையும் வேண்டாம். சீகை, அதாவது வாட்டில் மர விறகு, கரியாக்கினால் சரி, புகைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான மரங்கள் பேரியும் பிளம்ஸும்தான். குன்னூர், கோத்தகிரி வீட்டுத் தோட்டங்களில் கிளை வெட்டும்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பேரி விறகின் புகை மெல்லியது, இனிப்பான வாசம், கோழிக்கு அதைவிட வேறு தேவையில்லை. பன்றிக் கறிக்கு நான் பேரியோடு கொய்யாத் துண்டு ஒன்று சேர்ப்பேன். கவாத்து செய்த தேயிலை விறகும் போட்டுப் பார்த்தேன், கட்டை கெட்டி, நின்று எரிகிறது. ஆனால் மருந்து அடித்த தோட்டமா என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள். எந்த மரமானாலும் ஆறு மாதமாவது கூரைக்கடியில் காய வேண்டும். இங்கே மூடுபனியில் வெளியே கிடக்கும் விறகு காயவே காயாது. தண்ணீரில் ஊறவைத்துப் போடச் சொல்வார்கள், அது வெறும் ஆவியைத்தான் கிளப்பும்.

பற்றவைக்கும் முறை இது. கூடையில் நான்கு கிலோ கரியைப் பற்றவைக்காமல் நிரப்பி, நடுவில் ஒரு குழி விட்டு, கைப்பிடி அளவு மரத்துண்டு நான்கைக் கரிக்குள் செருகுங்கள். தனியாக அடுப்பில் பத்துத் துண்டு கரியைச் சாம்பல் பூக்கும் வரை கனியவைத்து அந்தக் குழியில் கொட்டுங்கள். எல்லாத் துளையும் திறந்திருக்கட்டும். 95 டிகிரி காட்டும்போதே மூன்று மூடிகளையும் போட்டு, வால்வைப் பாதியாக்குங்கள். 120 வந்த பிறகு மூடினால் 160-இல் போய்த்தான் நிற்கும், இறக்க ஒரு மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் மூடித் துளைகளில் வெள்ளையாக, கெட்டியாகப் புகை வரும். அப்போது கறியை உள்ளே வைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் புகை மெலிந்து, பின்னாலிருக்கும் தேயிலைச் சரிவு அதன் வழியாகத் தெரியும், லேசாக நீலம் பாரிக்கும். அதுதான் நேரம். அப்புறம் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று பாய்ந்து தணல் கொழுந்தாகும், கீழே சொட்டிய கொழுப்பும் பற்றிக்கொள்ளும்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர் பெரிய தொல்லை இல்லை, டிசம்பர், ஜனவரியில் கரி ஒன்றரை மடங்கு செலவாகும், அவ்வளவுதான். காற்றுதான் தொல்லை. காற்று வீசும் பக்கம் வால்வு இருந்தால் ஊதுகுழல் வைத்தது போல் சூடு ஏறும். சுவரோரம் வைத்து, வால்வை மறுபக்கம் திருப்பிவிடுங்கள்.

குளிரைவிட முக்கியம் உயரம். முதன்முதலில் மூன்று கிலோ பன்றி முன் சப்பை வைத்தபோது, கறியின் உள்சூடு 95 டிகிரி வந்ததும் எடு என்று படித்திருந்தேன். 70-இல் வந்து இரண்டு மணி நேரம் நின்றது. அது எல்லா ஊரிலும் நடப்பது, ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது. பிறகு ஏறி 91-இல் வந்து மறுபடி நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தபோது ஓரமெல்லாம் வறண்டு நார் நாராகக் கையில் வந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "திறந்த சட்டியில பருப்பே இங்க வேக மாட்டேங்குது, உனக்கு இது மட்டும் எப்படி கீழூர் கணக்குல வேகும்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் அதைவிடவும் ஒன்றரை டிகிரி குறைவு. கறிக்குள் இருப்பதும் தண்ணீர்தானே, 95 வரும் என்று காத்திருந்தால் அது காய்ந்த பிறகுதான் வரும். இப்போது 88 வந்ததும் கம்பியை விட்டுப் பார்க்கிறேன். வெந்த உருளைக்கிழங்கில் இறங்குவது போல் தடையில்லாமல் இறங்கினால் எடுத்து, ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிய்க்கிறேன். நீங்களும் தெர்மாமீட்டரை முதலில் கொதிக்கும் தண்ணீரில் விட்டு உங்கள் வீட்டுக் கணக்கு என்ன என்று பாருங்கள், அதிலிருந்து ஐந்தாறு டிகிரி கீழே. கோழிக்கு இந்தக் குழப்பம் கிடையாது, தொடையின் உள்ளே 74 வந்தால் போதும், 130 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சமைத்து முடித்தபின் தணலை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், மழை என்று டிரம்மை மூடிய வராந்தாவிலும் வைக்காதீர்கள். குளிருக்காக அறைக்குள் கரித்தணல் வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்களைப் பற்றி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் செய்தி வந்திருக்கிறது. அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது.

வேலை முடிந்ததும் எல்லாத் துளையையும் அடைத்துவிடுங்கள், மேல்மூடித் துளைகளுக்கு மட்டும் ஒரு தகரத்தை வைத்துக் கல் ஏற்றலாம். தணல் அணைந்து மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை நன்றாக ஆறியதும் அடுத்த நாளே கொட்டிவிடுங்கள், பனி ஈரம் பட்ட சாம்பல் அடித்தகரத்தை ஒரே மழைக்காலத்தில் அரித்துவிடும். கொழுப்பு சொட்டிய தட்டை அன்று இரவே உள்ளே எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. ஒருமுறை அசதியில் தட்டை வெளியே விட்டுவிட்டேன். காலையில் டிரம் பத்தடி தள்ளிச் சரிவில் கிடந்தது, பித்தளை வால்வு வளைந்து போயிருந்தது. அன்றிலிருந்து டிரம் ஆறியதும் வளையப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.