கண்ணை ஆராய டாக்டராகவும் இருக்க வேண்டுமா?

கேள்வி: பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். கண் பற்றி ஆராயும் பேராசிரியராக ஆசை. மருத்துவமும் படித்தாக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு டாக்டர் இல்லாமல் முடியாது. நானும் பயோமெடிக்கல்தான், கண் மருத்துவமனைகளில் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். ஆராய்ச்சிக்குப் போகவில்லை, போனவர்களைப் பற்றிப் படிப்பதோடு சரி.

இரண்டையும் படித்தவர் மார்க் ஹுமாயுன். பாகிஸ்தானில் பிறந்தவர். சர்க்கரை நோயால் பாட்டிக்குப் பார்வை போனதுதான் அவரைக் கண் பக்கம் திருப்பியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்துவிட்டு, 1994-இல் வட கரோலினாவில் பயோமெடிக்கல் பிஎச்.டி.யும் வாங்கினார்.

ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற நோயில் விழித்திரையின் ஒளி உணரும் செல்கள் செத்துப்போகும். மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்கள் பலவும் பிழைத்திருக்கும். அவற்றை மின்சாரத்தால் தட்டி எழுப்பினால்? 1990-களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹுமாயுன் குழுவினர் பார்வையற்ற தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள், ஒளிப்புள்ளி தெரிந்தது.

அதற்கப்புறம்தான் இன்ஜினியர் தலைவலி. விழித்திரை கால் மில்லிமீட்டர் கனம்தான், பாலாடை மாதிரி கிழியும். கண்ணுக்குள் இருப்பதோ உப்புநீர், எலக்ட்ரானிக்ஸை அரித்துவிடும். மின்னோட்டம் கூடினால் சூடு. போதாக்குறைக்குக் கண் ஓயாமல் அசையும். 2002-இல் 16 மின்முனைகளோடு முதல் கருவியைக் கண்ணுக்குள் பொருத்தினார்கள். அடுத்து வந்த ஆர்கஸ் 2-இல் 60. மூக்குக்கண்ணாடியில் கேமரா, அங்கிருந்து கம்பியில்லாமல் கண்ணுக்குள். 2013-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 60 புள்ளியில் முகம் தெரியாது; வாசல் எங்கே, எதிரே யாராவது நகர்கிறார்களா என்பது தெரியும். 2016-இல் ஹுமாயுன் ஒபாமா கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார்.

பிறகு தயாரித்த நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. கண்ணுக்குள் அதை வைத்திருந்தவர்கள் பழுது பார்க்க ஆளில்லாமல் நின்றார்கள். என் வேலைக்கு, எனக்கு உறுத்துவது இதுதான். ஆராய்ச்சிக்குப் போனால் இதையும் யோசித்து வையுங்கள்.

சரி, டாக்டர் பட்டம் இல்லாத வழி? எம்.ஐ.டி.யின் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ மின்பொறியாளர். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. 1991-இல் அவர் ஆய்வகத்திலிருந்து வந்தது. அதில் முக்கியப் பங்கு டேவிட் ஹுவாங்குக்கு. அப்போது மருத்துவமும் பிஎச்.டி.யும் சேர்த்துப் படித்த மாணவர். சொன்னேனே, பக்கத்தில் ஒரு டாக்டர் என்று. 2023-இல் அந்த வேலையில் கைகொடுத்த பொறியாளர் எரிக் ஸ்வான்சனோடு சேர்த்து மூவருக்கும் லாஸ்கர் என்ற அமெரிக்க மருத்துவ விருது. நான் வாராவாரம் லென்ஸ் துடைத்துக் கொடுக்கும் கருவி அதுதான்.