‘குட்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால்?

கேள்வி: ஆங்கிலம் தாராளமாகப் படிப்பேன், எழுதுவேன். என் மின்னஞ்சல்களில் யாரும் பிழை கண்டதில்லை. ஆனால் ஒருவர் எதிரே நின்று பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தோடு என் சரக்கு தீர்ந்துவிடுகிறது. அப்புறம் இருவரும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். சொல்வளம் பெருக நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: சொல்ல மாட்டேன். பிழையில்லாமல் மின்னஞ்சல் எழுதுகிறவருக்குச் சொற்பஞ்சம் என்றால் நம்புவதற்கில்லை. உங்களிடம் இருக்கும் சொற்களில் கால்வாசி போதும், ஒரு மணி நேரம் அரட்டை அடிக்கலாம். பேச்சை நீங்கள் வாய்மொழித் தேர்வாக எடுத்துக்கொள்கிறீர்கள், கோளாறு அங்கேதான். கேள்வி வந்தது, சரியான விடை சொல்லியாயிற்று, இனி அடுத்த கேள்வி வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள். எதிரே நிற்பவர் தேர்வாளர் இல்லையே, அவர் எத்தனை கேள்விதான் கேட்பார்?

திங்கட்கிழமை காலை உடன் வேலை செய்பவர், ‘ஹௌ வாஸ் யுவர் வீக்எண்ட்?’ என்கிறார். நீங்கள், ‘குட், தேங்க் யூ’ என்கிறீர்கள். இலக்கணம் சுத்தம், பேச்சு காலி. இதையே, ‘குட். மை சிஸ்டர் கேம் வித் ஹெர் கிட்ஸ். டூ மச் நாய்ஸ், பட் ஐ லைக்ட் இட். யூ?’ என்று சொல்லிப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனால் அவர் பிடித்துக்கொள்ள அக்கா, குழந்தைகள், சத்தம் என்று மூன்று கொடுத்துவிட்டீர்கள். குழந்தைகளுக்கு என்ன வயது என்பார், இல்லாவிட்டால் தன் வீட்டுச் சத்தத்தைப் பற்றி ஆரம்பிப்பார். கேட்டதற்கு மேல் ஒரு பிடி கூடுதலாகப் போடுங்கள், கடைசியில் பந்தை அவர் பக்கம் தள்ளிவிடுங்கள்.

தள்ளிவிட்டபின் அவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்து எதைச் சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர், ‘வி ஜஸ்ட் மூவ்ட் டு எ நியூ பிளேஸ்’ என்கிறார். நம் ஆள் ‘நைஸ்’ என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கட்டிவைத்த வாக்கியத்தை இறக்குகிறார்: ‘வாட் ஆர் யுவர் ஹாபீஸ்?’ பாவம் அந்த மனிதர். ‘ஓ, ஒய் டிட் யூ மூவ்?’ என்றால் போதுமே, வீடு மாறிய கதையை அவரே கால்மணி நேரம் சொல்வாரே! 2017-ல் வெளிவந்த ஹார்வர்ட் ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று, சொன்னதைப் பிடித்து மேற்கொண்டு கேட்பவர்களை எதிராளிக்குக் கூடுதலாகப் பிடித்துப்போகிறது என்கிறது. அதற்காக வரிசையாக நான்கு கேள்வி போட்டுவிடாதீர்கள், அது காவல் நிலைய விசாரணை. ஒரு கேள்வி, அப்புறம் உங்கள் கதையில் கொஞ்சம்.

‘யோசிக்க நேரமே கிடைப்பதில்லையே’ என்பீர்கள். உண்மைதான், யாருக்கும் கிடைப்பதில்லை. 10 மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு! ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைத் தாய்மொழியில் சொல்லவே அரை வினாடிக்கு மேல் ஆகிறது. அப்படியானால், எதிராளி முடிக்கும் முன்பே மூளை பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது என்று அர்த்தம். பழக்கமில்லாத மொழியில் கேட்பது, தயாரிப்பது இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாமல் திணறுவது இயல்பு. அந்தத் திணறலை வாயை மூடிக்கொண்டு செய்வதுதான் தப்பு. நீங்கள் யோசிக்கிறீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பேச விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். ‘வெல்...’, ‘லெட் மீ திங்க்...’, ‘ஹௌ டு ஐ சே திஸ்...’ என்று எதையாவது சொல்லி முறையைப் பிடித்து வையுங்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட நாள் முழுக்க ‘அம்’ போட்டுத்தான் பேசுகிறார்கள்.

அப்புறம், ‘சாரி, மை இங்கிலீஷ் இஸ் நாட் குட்’ என்ற பல்லவி. பணிவு என்று நினைத்துச் சொல்கிறீர்கள். எதிராளி என்ன செய்வார்? ‘நோ நோ, யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்’ என்று ஆறுதல் சொல்லியாக வேண்டும். நீங்கள் மறுபடி மறுக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்த விஷயம் போய், உங்கள் ஆங்கிலமே விஷயமாகிவிடும். அதோடு, அதுவரை கவனிக்காத பிழைகளை அவர் அதற்கப்புறம் எண்ண ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். காலம் பிசகினால் பிசகட்டும். ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று சொன்னதற்காக யாரும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போனதில்லை.

தொலைபேசியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நேரில் தலையாட்டலாம், அங்கே தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? நடுநடுவே ‘ரைட்’, ‘ஐ சீ’ என்று குரல் கொடுக்காவிட்டால், ‘ஹலோ, ஆர் யூ தேர்?’ என்று கேட்பார்கள். அந்தப் பதற்றத்தில் உள்ளதும் போச்சு.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர் சொன்னது புரியாதபோது புரிந்த மாதிரிச் சிரிக்கிறீர்கள், இல்லையா? இரண்டாவது வாக்கியத்தில் பேச்சு சாவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணமாக இருக்கும். புரியாததற்கு எப்படிப் பதில் சொல்வது? 2015-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 12 மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து கேட்டார்கள். தாய்மொழியில் பேசிக்கொள்கிறவர்களே சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் ஒருமுறை ‘என்ன?’, ‘யாரு?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். நீங்களும் கேளுங்கள். மொட்டையாக ‘வாட்?’ என்று கேட்டால் முழுவதையும் அதே வேகத்தில் இன்னொரு முறை ஒப்பிப்பார். பிடிபட்டதைச் சொல்லி, விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள்: ‘யூ மூவ்ட் பிகாஸ் ஆஃப் வாட்?’ அவர் அந்த ஒரு சொல்லை நிறுத்தி, தெளிவாகச் சொல்வார்.