தீவுக் காடும் ஆளில்லாக் கடற்கரையும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வெப்பமண்டலத் தீவுகளில் காட்டுக்குள் நடந்து, கூட்டமில்லாத கடற்கரைக்குப் போவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: வரைபடத்தில் 4 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. ஒரு மணி நேரம் போதுமா அண்ணா?

போதாது. வேர், சேறு, வழுக்குப் பாறை, ஏற்ற இறக்கம் எல்லாம் இருக்கும், மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வையுங்கள். கடற்கரையை அடைந்துவிட்டால் பாதிதான் முடிந்திருக்கிறது, அதனால் கிளம்பும் நேரத்தை விடத் திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் அந்தி வெளிச்சம் 20, 25 நிமிடத்துக்கு மேல் நிற்காது, மரங்களுக்கு அடியில் அதுகூட இல்லை. பகல் நடைதான் என்றாலும் தலையில் மாட்டும் டார்ச் பையில் இருக்கட்டும்.

கேள்வி: பாதை ஓரிடத்தில் பாறை முனையைச் சுற்றிக் கடலோரமாகப் போகிறதாம். பிரச்சினை இருக்குமா?

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பெரும்பாலான தீவுகளில் கடல் ஏறி முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், இறங்கவும் அப்படியே. காலையில் காலை நனைக்காமல் கடந்த இடத்தில் மதியம் அலை பாறையில் மோதிக்கொண்டிருக்கும், பின்னால் செங்குத்து மலை, போக வழியே இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இன்னும் பெரிது. அந்தக் கரையில் கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள், நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே முனையைக் கடந்துவிடுங்கள், திரும்பவும் எப்போது கடக்க முடியும் என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மீனவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள், அட்டவணையில் இல்லாததும் அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: ஆளே இல்லாத கடற்கரையில் குளிக்கலாமா?

காப்பாற்றவும் ஆள் இல்லை என்பதை மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகக் கருத்துத் தெரியும் பட்டை இருந்தால் பலரும் அங்கேதான் இறங்குவார்கள், ஆனால் நீர் கடலுக்குள் திரும்பி ஓடும் வழி அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திச் சோர்ந்துபோகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து அப்புறம் திரும்புங்கள். ஹவாயில் கவாய் தீவின் கலாலாவ் பாதையில் 3 கிலோமீட்டரில் வரும் ஹனகாபியாய் கடற்கரை அவ்வளவு அழகு, இந்த இழுப்பில் அங்கே பல உயிர்கள் போயிருக்கின்றன. அதே இடத்தில் ஓடையும் ஆபத்து: மலை மேல் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். நீர் கலங்கி வேகம் பிடித்தால் கடக்காதீர்கள், வடியும்வரை உட்காருங்கள்.

கேள்வி: அட்டை, பாம்பு?

அட்டை தொல்லைதான், ஆபத்து இல்லை. நகத்தால் தள்ளிவிடுங்கள், தீயால் சுட வேண்டாம். பாம்புக்கு மூடிய காலணி போதும், பார்க்காத இடத்தில் கையை வைக்காதீர்கள். அந்தமான், வட ஆஸ்திரேலியா பக்கம் போனால் பாம்பை விட உப்புநீர் முதலையை நினையுங்கள். சதுப்பு மரங்கள் நிற்கும் கழிமுகத்தில் இறங்கவே கூடாது. கரீபியன் தீவுகளில் மான்சினீல் என்ற மரம் கடற்கரையிலேயே நிற்கும். சிறு பச்சை ஆப்பிள் போன்ற பழத்தைத் தொடாதீர்கள், மழைக்கு அதன் அடியில் ஒதுங்காதீர்கள், இலையில் வழியும் நீரே தோலைக் கொப்புளமாக்கும்.

கேள்வி: யாருக்கும் தெரியாத இடம் கிடைத்தால் படம் போட்டுச் சொல்லலாமா?

படம் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள் என்பேன். தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் (Maya Bay) கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் சிதைந்து 2018-இல் மூடினார்கள், 2022-இல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். காலி சங்கைக்கூட எடுக்காதீர்கள், துறவி நண்டுக்கு அது வீடு. ஆமை முட்டையிடும் கரையில் இரவில் வெள்ளை விளக்கு வேண்டாம், கடலுக்குப் போக வேண்டிய குஞ்சுகள் அந்த வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும்.

கேள்வி: நான் பெண், தனியாகப் போக ஆசை. வேண்டாம் என்பீர்களா?

மாட்டேன் தங்கச்சி. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி வரை தகவல் இல்லை என்றால் தேட வேண்டும், இந்த மூன்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவிடுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஒரு விசில், கூடுதல் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. முதல் முறைக்கு, பாறை முனையோ ஓடையோ குறுக்கிடாத பாதையாகத் தேர்ந்தெடுங்கள்.